எட்வின் ஹபிளும் தூசி சொரியும் விண்மீன்களும்

வானிலே பூமியைச் சுற்றிவரும் பெருந்தொலைகாட்டி ஒன்றின் பெயராக ஹபிள் என்னும் சொல் இன்று எமது மாணவர் நாவிலே நன்கு பழகிவிட்டது. 1990ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் அத்தொலைகாட்டி விண்ணில் ஏற்றப்பட்டபோது, அப்பெயருக்குரியவர் மறைந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. பிரபஞ்சம் விரிகின்றது என்பதற்குச் சான்று காட்டியவர் என்ற அளவில் அவரை யாவரும் அறிவர். பாடநூல்களும் அவ்வளவிலே நின்றுவிடுகின்றன. ஆனால், தம் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளிலே, நோயுற்ற உடலோடு, அயலண்டங்களிலுள்ள ஐந்து விண்மீன்களைப் பற்றி அவர் செய்து முடித்த ஆராய்ச்சியைப் பலரும் அறியார். அண்டத்தூசி எங்கே, எவ்வாறு பிறக்கின்றது என்று தேடுவோர் இன்றும் எடுத்து நோக்குகின்ற ஆராய்ச்சி அது. ஆதலால், அப்பெரியாரின் வாழ்க்கையை அந்த முனையிலிருந்து நோக்கி, இவ்விழா மலரிலே எழுதுதல் தகுமெனக் கருதினோம்.

ஈண்டு அண்டம் என்றது கோடானுகோடி விண்மீன்கள் கூடிய பெருந்தொகுதியை என்க. பால்வீதி நாம் வாழும் அண்டம். அதற்கு அப்பாலுள்ளவை அயலண்டங்கள். இவ்வேறுபாட்டை உலகறியச் செய்தவரும் ஹபிளே என்பது பின்னர் விளங்கும்.

எட்வின் பவல் ஹபிள் 1889ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து மார்ஷ்ஃபீல்ட் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் காப்புறுதித் துறையிலே கடமையாற்றியவர். குடும்பம் சிக்காக்கோ நகரை அடுத்த வீட்டன் என்னும் ஊரிலே குடியேறியபின், ஹபிளின் பள்ளிப்படிப்பு அங்கே நடந்தேறியது. நெடிய தோற்றமும் உரம் பெற்ற உடலும் வாய்த்தவர் அவர். படிப்பிலே பெற்ற பெயரிலும் ஓட்டத்திலும் உயரம் பாய்தலிலும் பெற்ற பெயரே அக்காலத்தில் பெரிதாக இருந்தது. சிக்காக்கோப் பல்கலைக்கழகத்திலே கூடைப்பந்துக் குழுவில் ஆடினார். கணிதமும் வானியலும் பயின்று 1910ஆம் ஆண்டிலே பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே றோட்ஸ் புலமைப்பரிசில் கிடைக்க, இங்கிலாந்து சென்று ஒக்ஸ்போர்ட்டின் குயின்ஸ் கல்லூரியிலே சேர்ந்தார்.

அவர் உள்ளம் விண்ணை நாடியது; தந்தையாரோ மகன் சட்டம் படிக்க வேண்டுமென விரும்பினார். இத்தகைய இழுபறி எமது பெற்றார்க்கும் பிள்ளைகட்கும் புதியதன்று. ஹபிள் தந்தை சொல்லைத் தட்டாது சட்டம் பயின்றார். பின்னர் ஸ்பானிய மொழியும் பயின்றார். 1913ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தந்தையார் காலமாகவே, தாயாரும் உடன்பிறந்தாரும் வாழ்ந்த லூயிவில் நகருக்குத் திரும்பினார். அங்கே தாம் வழக்கறிஞராகத் தொழில் செய்ததாகப் பிற்காலத்திலே அவர் சொல்லிக்கொண்டதுண்டு. அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் அதற்குச் சான்று எதனையும் கண்டிலர். அவர் உண்மையிற் செய்த தொழில் ஆசிரியத் தொழில். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள நியூ ஆல்பனி என்னும் ஊரின் உயர்தரப் பாடசாலையிலே ஸ்பானிய மொழி, பௌதிகம், கணிதம் ஆகியவற்றைக் கற்பித்தார். கூடைப்பந்துக் குழுவையும் பயிற்றினார். ஓராண்டே அங்கிருந்தார். எனினும் 1914ஆம் ஆண்டின் பாடசாலை மலரை மாணவர்கள் அவருக்கே உரிமையாக்கினர். வழக்கறிஞர் என்னும் பொய்ப்பெருமையிலும் இம்மெய்ப்பெருமை பெரிதென்பதை அவர் ஏனோ உணர்ந்தாரில்லை. ஒக்ஸ்போர்ட்டிலே கற்றுக்கொண்ட ஆங்கில உச்சரிப்பையும் உடையையும் புகைக்குழாயையும் வாழ்நாள் முழுவதும் விடாதிருந்த இயல்பும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பெரியோரிடத்தும் இத்தகைய சிறு பற்றுக்கள் உளவாதல் இயல்பு.

தந்தையாரின் மறைவோடு சட்டத்தின் பிணிப்பும் நீங்கிற்று. 1914ஆம் ஆண்டிலே சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யேர்க்ஸ் வானாய்வு நிலையத்திலே ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். வானிலே மங்கலான ஒளித்திட்டுக்களாகத் தோன்றும் நெபுலாக்கள், அதாவது வான்முகில்கள், அவர் எடுத்துக்கொண்ட பொருள். அவற்றுள் என்.ஜீ.சீ. 2261 என்னும் எண் பெற்ற ஒன்று அவர் கருத்தைக் கவர்ந்தது. விசிறி போல விரிந்து, நுனியிலே ஒரு விண்மீனைக் கொண்ட சிறு முகில் அது. சில ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட ஒளிப்படத்தையும் தாம் எடுத்ததையும் ஒப்புநோக்கிய ஹபிள், முகிலின் தோற்றம் மாறியிருத்தலைக் கண்டார். 1916ஆம் ஆண்டிலே அதனை வெளியிட்டார். விண்ணிலுள்ள பெருமுகில் ஒன்று சில ஆண்டுகளுக்குள் உருமாறுமென எவரும் எதிர்பார்த்திலர். முகில் உண்மையில் அசையவில்லை. விண்மீனுக்கு மிக அருகிலே திரியும் தூசித்திரள்கள் ஒளியை மறைக்க, அவற்றின் நிழலே முகிலின்மீது ஓடுகின்றது என்பது இப்போது தெளிவாகியுள்ளது. விளக்கின் முன் கையை அசைத்தால் எதிர்ச்சுவரிலே நிழல் பெரிதாய் ஓடுவது போன்றது இது. தூசியோடு ஹபிளுக்கு ஏற்பட்ட முதல் உறவு இதுவாகும்.

1917ஆம் ஆண்டிலே கலாநிதிப் பட்டம் பெறும் தறுவாயிலே, கலிபோர்னியாவின் வில்சன் மலை வானாய்வு நிலையத்தின் தலைவர் ஜோர்ஜ் எலரி ஹேல் அவரைத் தம்மிடம் அழைத்தார். ஆனால் அமெரிக்கா உலகப்போரிலே இறங்கிவிட்டது. ஹபிள் படையிலே சேர்ந்து, மேஜர் பதவி வரை உயர்ந்து, பிரான்சு சென்றார். போர்முனையைக் காணுமுன் போர் முடிந்தது. 1919ஆம் ஆண்டு செப்டெம்பரிலே வில்சன் மலையை அடைந்தபோது, அங்கே 100 அங்குலத் தொலைகாட்டி புதிதாக நிறுவப்பட்டிருந்தது. உலகிலே அந்நாளில் அதனிலும் பெரியது இல்லை.

முதலில் அவர் மீண்டும் முகில்களையே எடுத்துக்கொண்டார். பால்வீதியிலுள்ள முகில்கள் எதனால் ஒளிர்கின்றன என்பது வினா. 1922ஆம் ஆண்டிலே அவர் தந்த விடை இன்றும் நிலைபெற்றுள்ளது. மிகுந்த வெப்பமுடைய நீலநிற விண்மீன் அருகில் இருப்பின், அதன் கதிர்களால் முகிலின் வாயு தானே ஒளிர்கின்றது. வெப்பம் குறைந்த விண்மீனாயின், முகிலிலுள்ள துகள்கள் அதன் ஒளியைத் திருப்பி வீசுகின்றன. முழுநிலா ஒளிர்வதும் இம்முறையாலேயே அன்றோ? ஆக, விண்மீன்களுக்கு இடையிலே திண்மத் துகள்கள் உள்ளன என்பதை ஹபிள் இளமையிலேயே நன்கு அறிந்திருந்தார்.

அவரைப் புகழின் உச்சியில் ஏற்றிய நிகழ்ச்சி 1923ஆம் ஆண்டு ஒக்டோபரிலே நிகழ்ந்தது. அன்ட்ரொமீடாவிலுள்ள சுருள்முகில், அதாவது மெசியர் 31, பால்வீதிக்கு உள்ளே இருப்பதா, அப்பாலுள்ள வேறோர் அண்டமா என்னும் வழக்கு அக்காலத்து அறிஞரை இரு கட்சியாகப் பிரித்திருந்தது. ஹார்லோ ஷாப்லி உள்ளே என்றார். ஹீபர் கேர்ட்டிஸ் அப்பால் என்றார். அம்முகிலை ஒளிப்படத் தகட்டிலே பிடித்த ஹபிள் புதிய ஒளிப்புள்ளிகள் மூன்றைக் கண்டு, அவை திடீரென ஒளிவிட்டு மறையும் நோவாக்கள் எனக் குறியிட்டார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது அவற்றுள் ஒன்று முறையாக ஒளி கூடிக் குறையும் செபீட் வகை மாறொளி விண்மீன் எனத் தெரிந்தது. உடனே முதற் குறியை அடித்துவிட்டு, சிவந்த மையினாலே மாறொளி எனத் திருத்தி எழுதி, அதனருகே வியப்புக்குறியும் இட்டார். அத்தகடு இன்றும் உள்ளது.

செபீட் விண்மீனின் ஒளி மாறும் காலத்தை அறிந்தால் அதன் உண்மை ஒளியளவை அறியலாம் என்பது ஹார்வார்ட் நிலையத்தைச் சேர்ந்த ஹென்றியெற்றா லீவிற் என்னும் அம்மையாரின் கண்டுபிடிப்பு. உண்மை ஒளியையும் தோற்ற ஒளியையும் ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். ஹபிளின் விண்மீனுக்குக் காலம் 31 நாள்கள் சொச்சம். கணக்கிட்ட தூரம் 9 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு மேற்பட்டது. இக்காலத்து மதிப்பு 25 இலட்சம் ஒளியாண்டு. ஆயினும் வழக்குத் தீர்வதற்கு அவர் கணக்கே போதுமானதாயிற்று. 1925ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் வாஷிங்டன் நகரத்து அறிஞரவையிலே அவர் கட்டுரை வாசிக்கப்பட்டது. அதனை வாசித்தவர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல். ஹபிள் அங்கே வரவில்லை. அயலண்டம் என்னும் கருத்து அன்று முதல் மறுக்கப்படாததாயிற்று. வியப்பு என்னவெனில், அண்டம் எனப் பிறர் வழங்கிய சொல்லை ஹபிள் தாம் ஏற்றுக்கொள்ளவில்லை; இறுதிவரை பால்வீதிக்கு அப்பாலுள்ள முகில்கள் என்றே எழுதிவந்தார்.

1929ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பைப் பலரும் விரிவாக எழுதியிருப்பதால் ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம். அயலண்டம் எவ்வளவு தொலைவில் உள்ளதோ அவ்வளவு விரைவாக அது எம்மைவிட்டு அகல்கின்றது என்பதே அது. விரைவுகளை முதலில் அளந்தவர் வெஸ்ற்றோ ஸ்லைபர். பின்னர் ஹபிளோடு உடனுழைத்து அளந்தவர் மில்ற்றன் ஹியூமசன். ஹியூமசன் கோவேறுகழுதை ஓட்டி அம்மலைக்குப் பொருள்கள் ஏற்றியவர். பின் அங்கே வாயில் காப்போராகவும் துப்புரவாளராகவும் இருந்து, ஆய்வாளராக உயர்ந்தவர். ஹபிளின் பெயரை உச்சரிக்கும் மாணவர் இவ்விருவர் பெயரையும் கூடவே உச்சரித்தல் நன்று.

நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிக வேண்டியது வேறோர் ஆராய்ச்சி. திரிகோணம் என்னும் விண்மீன் கூட்டத்தின் திசையிலே மெசியர் 33 என்னும் அயலண்டம் உள்ளது. அன்ட்ரொமீடாவைப் போலவே எமக்கு அயல். 1926ஆம் ஆண்டிலே ஹபிள் அதனுள் 35 செபீட்டுகளைக் கண்டு தூரம் கணித்தார். ஆயினும் அவர் தகடுகளிலே வேறு சில மாறொளி விண்மீன்களும் அகப்பட்டன. அவை செபீட்டுகள்போல் முறையாக மாறுவன அல்ல. சில ஆண்டுகள் அமைதியாயிருக்கும், பின் பல ஆண்டுகளாக ஒளி ஏறும், திடீரெனத் தாழும். அவ்வண்டத்திலுள்ள விண்மீன்களுள் மிகு ஒளி பெற்றவை அவையே. தூரம் அளக்க உதவாத இவற்றை வேறொருவர் ஒதுக்கியிருப்பார். ஹபிள் ஒதுக்கவில்லை, ஆண்டுதோறும் அவ்வண்டங்களைத் தகட்டிலே பிடித்து, அவ்வொளிப்புள்ளிகளை மீண்டும் மீண்டும் அளந்துவந்தார்.

இதற்கிடையிலே தூசி வேறொரு வேடத்தில் வந்தது. 1930ஆம் ஆண்டிலே லிக் வானாய்வு நிலையத்து றொபேட் ட்ரம்ப்ளர், விண்மீன்களுக்கிடையே பரவிய தூசி தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளியை மங்கச் செய்கின்றது என்று நிறுவினார். 1934ஆம் ஆண்டிலே ஹபிள் ஏறத்தாழ 44,000 அயலண்டங்களைத் தகடுகளில் எண்ணி, அவை வானிலே எவ்வாறு பரந்துள்ளன என்று வெளியிட்டார். பால்வீதியை ஒட்டிய ஒரு பட்டையிலே மட்டும் அயலண்டம் ஒன்றேனும் தென்படவில்லை. அங்கே அண்டங்கள் இல்லாமலில்லை. பால்வீதித் தூசி அவற்றை மறைக்கின்றது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய துகள்கள், அண்டம் முழுவதையும் கண்ணுக்கு எட்டாது செய்துவிடுகின்றன. பிரபஞ்சத்தை அளக்கப் புகுந்தவருக்குத் தூசி ஒரு தடை. கணக்கிலே கழித்துவிட வேண்டிய பிழை. ஹபிளும் அதனை அவ்வாறே கையாண்டார். அத்தூசி எங்கிருந்து வந்தது என்னும் வினா அன்று அவர்முன் நிற்கவில்லை.

இரண்டாம் உலகப்போரிலே மீண்டும் நாட்டுக்குழைத்தார். 1942ஆம் ஆண்டு தொடக்கம் மேரிலண்டிலுள்ள அபர்டீன் என்னுமிடத்திலே பீரங்கிக் குண்டுகளின் செல்வழியை ஆராயும் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அதற்காக 1946இல் அரசின் விருதும் பெற்றார். போரின் பின் பலோமர் மலையிலே 200 அங்குலத் தொலைகாட்டி நிறுவப்பெற்றது. 1949ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே அதனாற் பிடிக்கப்பட்ட முதலாவது ஒளிப்படத்தை எடுத்தவர் ஹபிளே. அப்பெருங்கருவியால் எதனையும் நோக்கியிருக்கலாம். அவர் தெரிந்தெடுத்தது என்.ஜீ.சீ. 2261, முப்பத்துமூன்று ஆண்டுகளின் முன் மாணவப் பருவத்திலே கண்ட அச்சிறு முகில்.

அவ்வாண்டு யூலை மாதத்திலே மாரடைப்பு அவரைத் தாக்கியது. உயிர் பிழைத்தாரெனினும், மலையுச்சியிலே குளிர் நிறைந்த இரவுகளைக் கழித்தல் வைத்தியரால் தடுக்கப்பட்டது. மனைவியார் கிறேஸ் அம்மையார் கண்ணும் கருத்துமாய்ப் பேணினார். பெருந்தொலைகாட்டி ஆயத்தமாய் நிற்க, அதனை அணுக இயலாதிருத்தல் அவருக்கு எத்துணைத் துன்பமாயிருந்திருக்கும்! அவ்வேளையிலே அலன் சாண்டேஜ் என்னும் இளம் ஆராய்ச்சி மாணவர் அவருக்கு உதவியாளராக அமர்ந்தார். முதியவர் சேர்த்த தகடுகளை இளையவர் எடுத்து அளந்தார், புதியனவும் பிடித்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தகடுகளிலிருந்து, மெசியர் 31இலே ஒன்றும் மெசியர் 33இலே நான்குமாக ஐந்து விண்மீன்களின் ஒளி வரலாறு உருவாயிற்று.

அவ்வைந்தனுள் ஒன்று ஏ என்னும் எழுத்தாற் குறிக்கப்பட்டது. அது பல ஆண்டுகளாக ஒளி ஏறி, 1950ஆம் ஆண்டளவிலே மெசியர் 33இன் மிகு ஒளி விண்மீன்களுள் ஒன்றாய் விளங்கிற்று. நிறமாலை மஞ்சள் கலந்த வெண்மை விண்மீனுக்குரியது. அதன்பின் ஓராண்டு நிறையுமுன், ஒளி பதினைந்தில் ஒரு பங்கினும் குறைந்துபோயிற்று. வீழ்ச்சியைத் தகடுகள் காட்டின, காரணத்தைக் காட்டவில்லை. சூரியனைப்போல் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மடங்கு ஒளி வீசும் விண்மீன் அவ்வாறு மங்குவதற்கு அக்காலத்தில் விளக்கம் இருக்கவில்லை.

1953ஆம் ஆண்டு மே மாதத்திலே ஹபிள் இலண்டன் சென்று, அரச வானியற் கழகத்தின் ஜோர்ஜ் டார்வின் விரிவுரையை ஆற்றினார். செப்டெம்பர் 28ஆம் நாள், கலிபோர்னியாவின் சான் மரீனோ நகரிலே, மூளைக் குருதிக்குழாயில் ஏற்பட்ட அடைப்பினால் திடீரெனக் காலமானார், வயது அறுபத்துமூன்று. இறுதிச் சடங்கு எதுவும் நடத்தப்படவில்லை. உடல் எங்கு அடக்கம் செய்யப்பட்டதென்பதை அம்மையார் வெளியிட்டாருமில்லை. ஐந்து விண்மீன்களைப் பற்றிய கட்டுரை, ஹபிள், சாண்டேஜ் என்னும் இருவர் பெயரையும் தாங்கி, அவர் மறைவின் பின் அவ்வாண்டு இறுதியிலே வெளிவந்தது. தலைப்பிலே முதலாம் பகுதி என்னும் குறி உண்டு. தொடர்ந்து செய்ய அவர் எண்ணியிருந்தார் என்பதற்கு அச்சிறு குறியே சாட்சி.

இனி, அவ்விண்மீன்கள் எத்தகையன எனக் காண்போம். விண்மீன் ஒன்றைத் தாங்குவன இரண்டு. ஈர்ப்பு உள்ளே இழுக்கின்றது. உள்ளிருந்து எழும் வெப்பமும் ஒளியும் வெளியே தள்ளுகின்றன. சூரியனிலே இவ்விரண்டும் நன்கு ஒத்திருப்பதால் அது 1000 கோடி ஆண்டளவு நிலைத்து எரியும். சூரியனைப்போல் முப்பது, ஐம்பது, நூறு மடங்கு திணிவுடைய விண்மீனிலோ ஒளியின் தள்ளுவிசை ஈர்ப்பை ஏறக்குறைய எட்டிவிடுகின்றது. தைப்பொங்கற் பானையின் அடியிலே விறகை மிகுதியாகத் தள்ளினால் பால் விளிம்பைத் தாண்டி நாற்புறமும் வழிவதை யாவரும் கண்டிருக்கின்றோம். அவ்விண்மீனும் சிற்சில வேளைகளிலே அவ்வாறு பொங்கித் தன் மேற்பரப்பை விண்வெளியிலே கொட்டிவிடுகின்றது. அதன் வாழ்நாளும் குறுகியது. சில பத்து இலட்சம் ஆண்டுகளே.

கொட்டப்பட்ட வாயு விரிந்து செல்லச் செல்லக் குளிர்கின்றது. ஏறத்தாழ 1,200 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தவுடன், சிலிக்கன், ஒட்சிசன், மகனீசியம், இரும்பு முதலியவற்றின் அணுக்கள் ஒன்றோடொன்று பற்றித் திண்மத் துகள்களாகின்றன. அடுக்களையிலே சுடரிலிருந்து எழும் ஆவி குளிர்ந்து பானையின் புறத்திலே கரியாகப் படிவதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம். ஆனால் ஓர் இடையூறு உண்டு. இவ்விண்மீன்கள் இயல்பிலே மிகுந்த வெப்பமுடையவை. அவை வீசும் ஊதாக்கடந்த கதிர்கள், பிறக்கும் துகளைப் பிறந்தவுடன் சிதைத்துவிடும். விண்மீன் அமைதியாயிருக்கும் காலத்தில் அதனைச் சூழத் தூசி உண்டாவது அரிது. பொங்கும் காலத்திலோ வெளிவரும் வாயு மிக அடர்ந்திருப்பதால் அவ்வாயுவே ஒரு போர்வையாகி, கொடிய கதிர்களைத் தடுக்கின்றது. அணுக்களும் நெருங்கியிருத்தலால் விரைவிற் கூடுகின்றன. நிலைகுலைந்த வேளையிலே தான் அவ்விண்மீன் தூசியை ஈனுகின்றது. ஏ என்னும் விண்மீன் 1951ஆம் ஆண்டளவிலே மங்கியதன் காரணம் இதுவே: தன்னிலிருந்து எழுந்த குளிர்ந்த வாயுவும் தூசியும் அதனையே மூடிவிட்டன.

எமது பால்வீதியிலேயே இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு உண்டு. தென்வானிலுள்ள ஈற்றா கரினே என்னும் விண்மீன் 1837ஆம் ஆண்டிலே பொங்கத் தொடங்கி, 1843ஆம் ஆண்டிலே வானின் விண்மீன்களுள் இரண்டாம் ஒளியுடையதாய் விளங்கிற்று. பின் வெறுங்கண்ணுக்கும் மறைந்தது. சூரியத் திணிவைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட பொருளை அது கொட்டியது. அப்பொருளிலே பிறந்த தூசி இன்றும் விண்மீனின் ஒளியை விழுங்கி, செந்நிறக்கீழ்க் கதிராக வெளிவிடுகின்றது. எமது வடபகுதியிலிருந்து பார்ப்போர்க்கு அப்பகுதி தென்றிசையில் அடிவானிலிருந்து இருபது பாகையளவே உயரும்.

ஹபிள் விட்ட இடத்திலிருந்து சாண்டேஜ் தொடர்ந்தார். 1968ஆம் ஆண்டிலே குஸ்ரவ் தம்மன் என்பாரோடு சேர்ந்து, என்.ஜீ.சீ. 2403 என்னும் அயலண்டத்தின் தகடுகளை ஆராய்ந்து வெளியிட்டார். அவ்வண்டத்துப் பன்னிரண்டாம் மாறொளி விண்மீன் 1954இலே, ஹபிள் மறைந்த மறு ஆண்டிலே, பெரும் பொங்கு பொங்கிப் பின் மங்கியிருந்தது. வெடித்தழியும் சூப்பர்நோவா என்றே அது முதலில் எண்ணப்பட்டது. அரை நூற்றாண்டின் பின், ஹபிளின் பெயர் தாங்கிய தொலைகாட்டி அவ்விடத்தை நோக்கியபோது, விண்மீன் அழியாமல், தூசிப் போர்வையுள் இருத்தல் காணப்பட்டது. 2015ஆம் ஆண்டிலே ஈற்றா கரினேயை ஒத்த விண்மீன்கள் ஐந்து அயலண்டங்களிலே கண்டறியப்பட்டன; மெசியர் 83இலே இரண்டும், மெசியர் 51, மெசியர் 101, என்.ஜீ.சீ. 6946 ஆகியவற்றிலே ஒவ்வொன்றும். ஸ்பிற்சர் என்னும் விண்தொலைகாட்டி செந்நிறக்கீழ்க் கதிரிலே அவற்றின் தூசி சுடுவதைக் காட்டியது; ஹபிள் தொலைகாட்டியின் படங்கள் கட்புலனாகும் ஒளியிலே அவை மங்கியிருத்தலைக் காட்டின. ஒவ்வொன்றையும் சூழ்ந்திருக்கும் பொருள் 5 முதல் 10 சூரியத் திணிவு அளவினது.

இவ்வாறாயின் அண்டத்தூசி முழுவதும் இவ்விண்மீன்களின் கொடையோ என மாணவர் வினவலாம். அன்று. இவை மிக அரியவை. முதுமையடைந்த சிறு விண்மீன்களும் வெடித்தழியும் சூப்பர்நோவாக்களும் தூசி தருவதில் இவற்றினும் மிக்கவை. 1987ஆம் ஆண்டிலே பெரிய மகெல்லன் முகிலில் வெடித்த சூப்பர்நோவாவின் எச்சத்திலே ஏறத்தாழ அரைச் சூரியத் திணிவு தூசி இருத்தல் 2011இலே ஹேர்ஷல் என்னும் விண்தொலைகாட்டியாற் காணப்பட்டது. ஆனால் சிறு விண்மீன்கள் தூசி தருவதற்கு நெடுங்காலம் செல்லும். பிரபஞ்சத்தின் இளமையிலேயே தூசி நிறைந்த அண்டங்கள் இருந்தமையால், அத்தூசியிற் பெரும்பங்கு குறுகிய வாழ்நாளுடைய பெருந்திணிவு விண்மீன்களிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். எமது மண்ணிலும் கல்லிலும் உள்ள சிலிக்கனும் இரும்பும் ஒருகாலத்தில் இத்தகைய துகள்களில் இருந்தவையே.

ஏ என்னும் அவ்விண்மீனின் வரலாறு 1953ஆம் ஆண்டோடு முடிந்துவிடவில்லை. மினசோட்டாப் பல்கலைக்கழகத்து ரொபேர்ட்டா ஹம்ஃப்றீஸ் அம்மையாரும் உடனுழைத்தோரும் 1980களிலே அதனை மீண்டும் நோக்கினர். மஞ்சள் வெண்மையாயிருந்த விண்மீனின் நிறமாலை குளிர்ந்த செந்நிற விண்மீனுக்குரியதாய் மாறியிருந்தது. செந்நிறக்கீழ்க் கதிரிலோ அது மிக ஒளிர்ந்தது. கட்புலனாகும் ஒளியிலே இழந்ததைத் தூசியின் வழியாக அங்கே வீசிக்கொண்டிருந்தது. 2006ஆம் ஆண்டிலே அதே அம்மையார் குழுவினர், நிறமாலை வெப்பம் மிக்க பழைய நிலைக்கு மீண்டுவிட்டதென்றும், 1950ஆம் ஆண்டளவிலே தொடங்கிய பொங்கு ஏறத்தாழ 45 ஆண்டுகள் நீடித்து ஓய்ந்ததென்றும் அறிவித்தனர். ஆயினும் தூசித்திரை அப்போதும் விலகவில்லை. விண்மீனின் ஒளியிற் பெரும்பங்கு எம்மை நோக்காது வேறு திசைகளிலே வெளியேறிக்கொண்டிருந்தது. ஹபிளும் சாண்டேஜும் அளந்த தகடுகள் பசடீனா நகரிலே, கார்னகி நிறுவனத்தின் காப்பகத்திலே பேணப்பட்டு வருகின்றன. அவ்விண்மீன் மறைக்கப்படுமுன் விளங்கிய தோற்றத்தை அறிய விரும்புவோர் அவற்றையே நாடுகின்றனர்.